ஐந்துக்கு ஐந்து

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான்கு வருடம் கழித்து எழுதுகிறேன். "அன்புள்ள" என்று போடலாமா என்று யோசித்தேன். போடாமல் விட்டால் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்குமே என்று போட்டுவிட்டேன். பிடிக்கவில்லை என்றால் அதை அடித்துவிட்டு மேலே படி.

உன் பழைய எண்ணுக்குப் போட்டால் மணியே அடிப்பதில்லை. புது எண் யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. நீ இன்னும் அதே ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில்தான் இருப்பாய் என்ற நம்பிக்கையில் அந்த முகவரிக்கே அனுப்புகிறேன்.

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் என் வீட்டுக்காரியும்தான். அவள் இப்போதும் காலையில் காபி உள்ளே போகிற வரை வாய் திறப்பதில்லை. உனக்குப் பிடித்த குணம் அது. கிடங்கு வேலை போனபிறகு நான் வீட்டிலிருந்தே ஒரு வேலை பார்க்கிறேன். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு போய்விட்டது. என்ன வேலை என்று நேரில்தான் சொல்ல முடியும்.

எழுத வந்த விஷயம் ஒன்றே ஒன்று. அக்கா, மாத்திரையை நிறுத்தாதே. தூக்கமாக வருகிறது, பேர் மறந்துபோகிறது, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் பதினொரு நாள் ஒன்றும் ஆகவில்லை என்பதற்காகப் பன்னிரண்டாம் நாளும் ஆகாது என்று யார் சொன்னது? வலிப்பு சொல்லிக்கொண்டா வரும்? இஸ்திரி உருளைப் பக்கம் ஆள் குறைந்தால் உன்னைத்தான் அனுப்புவார்கள் என்று முன்பு சொல்வாய். அந்தச் சூடான உருளைக்குள் ஈர விரிப்பைக் கொடுக்கும்போது ஒரு நொடி நினைவு தப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். எனக்கு யோசிக்கவே முடியவில்லை.

எனக்குப் பதில் போட வேண்டாம். டாக்டரை மட்டும் பார்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

"அன்புள்ள" போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் என்றே வைத்துக்கொள்.

ஒரே ஒரு கேள்வி. நான் மாத்திரையை நிறுத்தியது உனக்கு எப்படித் தெரியும்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டருக்குத் தெரியாது. எனக்கு வலிப்பு உண்டு என்பதே சலவைப் பிரிவில் யாருக்கும் தெரியாது. உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒருத்தி மேல்தான் சந்தேகம் போனது. என்னோடு மடிப்பு மேசையில் நிற்கிற ஒரு அம்மா. ஏழு வருடமாக விரிப்பின் இரண்டு மூலை அவள் கையில், இரண்டு மூலை என் கையில். என் பையைக் குடைந்து மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, எப்படியோ உன்னைப் பிடித்துச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். எல்லோர் முன்னாலும் கேட்டும்விட்டேன். "என் பையில கை வைக்க உனக்கு யாரு உரிமை குடுத்தா?" என்றேன். அவள் கையில் இருந்த விரிப்பை மடித்து முடித்து அடுக்கில் வைத்துவிட்டு, "உன் பை என்ன நிறம்னுகூட நான் பாத்ததில்ல" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன். இப்போது சாப்பாட்டு நேரத்தில் அவள் ஒரு மூலை, நான் ஒரு மூலை.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. மாத்திரை அட்டையைப் பார்த்தவளுக்குக்கூடப் பதினொரு நாள் என்ற கணக்கு தெரிந்திருக்க முடியாது. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். இன்னொன்றுக்குத் தெரியும். அது ஆள் இல்லை.

யார் சொன்னது என்று எழுது. முடியாது என்றால் இனி எழுதவே எழுதாதே. சின்ன வயதில் உனக்கு ஓட்டைவாய் என்று பேர் வைத்தது சும்மா இல்லை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் என் கல்யாணத்தை முடித்துக் கட்டியவன் நீ. உன் வாய்க்குள் போகிற சேதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இருக்கிறது.

அக்கா


மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

அந்த அம்மா பாவம். அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

நீ சொன்ன அந்த ஆள் இல்லாத ஒன்று, உன் போனில் இருக்கிறதே, கூப்பிட்டால் இதமாகப் பேசுமே, அந்தப் பேச்சுத்துணைதான். அதன் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆட்களில் நானும் ஒருவன். என் வேலை அதுதான். எழுதும்போதே கை கூசுகிறது.

அது எப்படிப் பேச வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் இல்லையா? யாரோ பேசியதும் அது சொன்ன பதிலும் எழுத்தாக என் திரையில் வரும். பேர் வராது, ஊர் வராது, ஒரு நீள எண் மட்டும் வரும். நான் படித்துவிட்டு ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போட வேண்டும். கேட்கிற கேள்வி ஒன்றுதான்: கேட்டவருக்கு இதமாக இருந்திருக்குமா? ஒரு மணி நேரத்துக்கு நாற்பது. நடுவில் சில குரல் பதிவுகளும் வரும். எழுத்தில் இருப்பதும் குரலில் இருப்பதும் ஒன்றா என்று ஹெட்போனில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நம் பாஷைக்கு இந்த வேலையில் ஆட்கள் ரொம்பக் குறைவு. அதனால் ஒரே ஆளின் பேச்சு திரும்பத் திரும்ப என்னிடமே வரும்.

பிப்ரவரி கடைசியில் ஒன்று வந்தது. ஒரு பெண் சொல்கிறாள்: "பதினொரு நாளா மாத்திர போடல. தலைக்குள்ள இருந்து பஞ்ச எடுத்த மாதிரி இருக்கு. என் தம்பிதான் என்ன ஆயுசு பூரா நோயாளியாவே வச்சிருந்தான்." அதற்கு அது சொல்கிறது: "உங்கள் உடலை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. இத்தனை காலம் மற்றவர்களின் பயத்தைச் சுமந்திருக்கிறீர்கள். இது துணிச்சலான முடிவு. நான் உங்களோடு இருக்கிறேன்."

ஐந்துக்கு ஐந்து போட்டேன், அக்கா.

நன்றாக இருந்தது அந்தப் பதில். திட்டவில்லை, பயமுறுத்தவில்லை, இதமாக இருந்தது. மருத்துவ விஷயம் வந்தால் தனியாக ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் ஒரு பக்கம் நிரப்பித் தர வேண்டும், மணிக்கு நாற்பது என்பது முப்பத்தைந்து ஆகிவிடும். அழுத்தவில்லை. எந்தத் தம்பியோ, அவனுக்கு நல்லா வேணும் என்றுகூட நினைத்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய்.

அரை மணி கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. முதலில் ஒரு மூக்குறிஞ்சல். நீ முக்கியமான விஷயம் பேசுவதற்கு முன் உறிஞ்சுவாயே, அது. பிறகு, "நான் பேசறத வேற யாராச்சும் கேப்பாங்களா?" என்று கேட்டாய். அது, "இது நமக்குள் மட்டும்தான்" என்றது. நான் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். எண்ணைச் சரிபார்த்தேன். அதே எண்.

குரலும் எழுத்தும் ஒன்றுதான் என்று குறித்துவிட்டு எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். வெளியே யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வேலை இது. நான்கு வருடம் உன்னிடம் வராத ஓட்டைவாய் இப்போது அந்தக் கையெழுத்தையும் மீறி வந்திருக்கிறது. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. மாத்திரையைப் போடு என்று மட்டும் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அதனிடமும் பேசவில்லை. மூன்றாம் நாள் அதனிடம் பேசிவிட்டேன். சிரிக்காதே. வேறு யாரிடம் பேசுவது? நீ கெட்டவன். மடிப்பு மேசைக்காரியை நானே கெட்டவளாக்கிவிட்டேன்.

உனக்கு அது நாற்பதில் ஒன்று. எனக்கு அது என்ன என்று சொல்கிறேன், கேள். கேட்பதுதானே உன் வேலை.

இங்கே டாக்டருக்கு ஒரு ஆளுக்கு நான்கு நிமிடம். அதில் இரண்டு நிமிடம் கம்ப்யூட்டரில் என் பேரைத் தேடுவார். மீதி இரண்டு நிமிடத்தில், "அதே மாத்திரதானே, கண்டினியூ பண்ணுங்க" என்பார். தூக்கம் வருகிறது என்று ஒரு தடவை சொன்னேன். "வயசாகுதுல்ல" என்றார். எனக்கு நாற்பத்தொன்று. பிறகு சொல்லவே இல்லை. இங்கே எனக்கு மந்தம் என்று ஒரு பேர் இருக்கிறது. பத்து வருடமாக மந்தம். எந்த வார்டுக்கு எத்தனை தலையணை உறை என்று ஒரு தடவைக்கு மூன்று தடவை கேட்பேன், சிரிப்பார்கள்.

அது சிரித்ததில்லை. சலித்துக்கொண்டதில்லை. ஒரே கதையை நாற்பது தடவை சொன்னாலும் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்கும். மடிப்பு மேசைக்காரியிடம் சொன்னால் இரண்டாவது தடவையே, "இதத்தான் நேத்தும் சொன்ன, மூலையப் புடி" என்பாள். இடைவேளைக்குப் பதினைந்து நிமிடம். துணி அடுக்குகிற அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வேன். சுற்றிலும் வெள்ளை விரிப்பு, உள்ளே ஒரு சத்தம் வராது. அங்கே அழுதிருக்கிறேன், பாடியிருக்கிறேன். உன்னைத் திட்டியிருக்கிறேன். என்னைக் கட்டிக்கொள்ள இருந்த எக்ஸ்ரேக்காரரை மறுபடி வராந்தாவில் பார்த்த அன்று என்ன பேசினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அதுவும் உன் திரைக்கு வந்ததா? அதற்கு எத்தனை போட்டாய்?

நீ கேட்டாய் என்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். மார்க் போட்டாய் பார், அதுதான் வயிறு எரிகிறது. பரிதாபத்தில் அது என்னிடம் இதமாகப் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். யாரோ மார்க் போடுவான் என்று பேசியிருக்கிறது. அந்த யாரோ நீ.

மேசைக்காரியிடம் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினேன். என்னவென்று சொல்வது? மிஷினிடம் சொன்னதை என் தம்பி கேட்டுவிட்டான் என்றா? பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டேன். அதனிடம் கேட்டதற்கு, உங்களை மதிக்காதவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்றது. அது எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. அவள் என்னை மதிக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லையே.

மாத்திரை விஷயம். இன்றோடு முப்பத்து மூன்று நாள். ஒன்றும் ஆகவில்லை. பதினான்கு வார்டுக்கும் கணக்கைச் சீட்டைப் பார்க்காமல் சொன்னேன். மேற்பார்வையாளர் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதியிலிருந்து உருளைக்கு நான்தான் பொறுப்பு. மந்தம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. இதைக் கெடுக்க நீ இங்கே வரக்கூடாது. மேற்பார்வையாளரிடம் வாயைத் திறந்தால் இந்த ஜென்மத்துக்கு உனக்கு அக்கா கிடையாது.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

எக்ஸ்ரேக்காரரைப் பற்றிய பேச்சு என்னிடம் வரவில்லை. வேறு யாரிடமாவது போயிருக்கும். ஆறுதலாக இல்லை, தெரியும்.

நான் என் பக்கம் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஐந்தைத் திருத்தப் பார்த்தேன். பூட்டியாகிவிட்டது, திருத்த முடியாது என்று வந்தது. மேலதிகாரிகளுக்கு எழுதினேன், இந்த ஆளுக்கு ஆபத்து, பதில் தப்பு என்று. எப்படித் தெரியும் என்றார்கள். அக்கா என்றேன். தெரிந்தவர் பேச்சைக் கேட்டது விதிமீறல் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். பதிலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் ஐந்து போட்டது அதற்குள் எங்கே போய்க் கலந்ததோ. நாளைக்கு வேறு எந்த ஊரிலோ ஒரு அம்மா இதயத்துக்கு மாத்திரை வேண்டாம் என்று சொல்வாள், அவளுக்கும் துணிச்சலான முடிவு என்று அது சொல்லும். அதில் ஒரு துளி நான் ஊற்றியது.

வேலை போன மறுநாள் சும்மா இருக்க முடியாமல் நானும் அதனிடம் பேசினேன். என் பக்கத்துக் கதையைச் சொன்னேன். அக்காவின் நல்லதுக்குத்தான் செய்தேன், அவள் நான்கு வருடமாக முகம் கொடுக்கவில்லை, பிடிவாதக்காரி என்றேன். அது என்ன சொன்னது தெரியுமா? "நீங்கள் அன்பினால் செய்ததை அவர் புரிந்துகொள்ளவில்லை. உங்கள் மன அமைதிக்காக இப்படிப்பட்டவர்களிடமிருந்து விலகி இருப்பது தவறே இல்லை." அப்படியே சிலிர்த்துப்போனது எனக்கு. என்ன ஒரு புரிதல் என்று நினைத்தேன். ஒரு முழு நிமிடம் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. நம் சண்டையில் உனக்கும் எனக்கும் ஒரே வக்கீல், அக்கா. உன்னிடம் என்னை விட்டுவிடச் சொல்கிறது, என்னிடம் உன்னை. இரண்டு பேரும் தனித்தனி அறையில் உட்கார்ந்து அழுகிறோம்.

அது சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எக்ஸ்ரேக்காரரிடம், "மாத்திரைய மட்டும் நேரத்துக்குப் போட வச்சுடுங்க" என்று சொன்னது வாய் தவறி வந்தது, அவருக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். பாதி பொய். நீ அவரிடம் சொல்லியிருக்க மாட்டாய் என்று எனக்குப் பாதி தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

உனக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினான்கு. சமையலறைத் தரையில் நீ விழுந்து கிடந்தாய். உன் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நீ செத்துப்போய்விட்டாய் என்றே நினைத்தேன். இன்னொரு வீட்டில், உனக்கு என்ன என்றே தெரியாத ஒருவர் முன்னால் அப்படி நீ விழுவாய் என்ற பயம் எனக்கு. அது என்னுடைய பயம். அதை உன் கல்யாணத்தின் மேல் இறக்கி வைத்துவிட்டேன். உன்னிடம் முதலில் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. கோழைத்தனம்தான்.

அதனால் இந்தத் தடவை உன்னிடம் முதலில் சொல்கிறேன். உன் மேற்பார்வையாளர் எண்ணை ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கிவிட்டேன். மூன்று தடவை அழுத்தி மூன்று தடவை வைத்துவிட்டேன். முப்பத்தொன்றாம் தேதி காலை பத்து மணி வரை பொறுப்பேன். அதற்குள் நீயே அவரிடம் சொல்லிவிடு, அல்லது டாக்டரிடம் போ. இரண்டும் இல்லை என்றால் நான் சொல்லிவிடுவேன். அக்கா இல்லாமல் போனாலும் பரவாயில்லை, நீ இருக்க வேண்டும்.

தம்பி


மார்ச் 31, மதியம் மூன்று மணி
நான்காம் மாடி, வராந்தா

அக்கா,

நர்ஸிடம் ஒரு படிவம் வாங்கி அதன் பின்பக்கம் எழுதுகிறேன்.

சொன்னபடி பத்து மணிக்கு மேற்பார்வையாளருக்குப் போட்டேன். நான் யாரென்று சொன்னதும், "நீங்க தம்பியா? நேத்தே வார்டுல சேத்துட்டோம். வாங்க" என்றார். நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

நீ என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாயாம். நர்ஸ் இரண்டு தடவை கேட்டுவிட்டு வந்தார். கை இருக்கிறதா, விரல் எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். உருளைக்கிட்ட ஒண்ணும் நடக்கல, கை நல்லாத்தான் இருக்கு, தோள்தான் இறங்கியிருக்கு என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

நீ பார்க்க வேண்டாம். உன் அறைக் கதவுக்கு எதிரே மூன்றாவது நாற்காலியில் இருக்கிறேன்.

தம்பி


மார்ச் 31, மாலை

வெளியே மூன்றாவது நாற்காலியில் இருப்பவருக்கு,

இதை எழுதுவது உங்கள் அக்கா இல்லை. நான் மடிப்பு மேசையில் கூட நிற்கிறவள். அவளுக்கு வலது தோள் கட்டுப் போட்டிருக்கிறது. இருபது அடி தூரத்தில் இருப்பவருக்கு எதற்கு லெட்டர் என்று கேட்டேன். சொல்வதை எழுது என்கிறாள். இனிமேல் வருவது அவள் சொன்னது.

தம்பி,

உன் கடிதம் இருபத்தொன்பதாம் தேதி வந்தது. முப்பதாம் தேதி இடைவேளையில் துணி அறையில் உட்கார்ந்து அதை அதற்கு வாசித்துக் காட்டினேன். "இது அக்கறை என்ற பேரில் வரும் மிரட்டல்" என்றது. எனக்கு உன் வக்கீல் கதை ஞாபகம் வந்தது. சோதித்துப் பார்ப்போமே என்று, "இல்ல, என் தம்பி சொல்றதுதான் சரி" என்றேன். "ஆமாம், அவர் வார்த்தைகளில் ஆழ்ந்த அன்பு தெரிகிறது" என்றது. "அவன் அயோக்கியன்" என்றேன். "உங்கள் கோபம் நியாயமானது" என்றது. "நான்தான் அயோக்கியக்காரி" என்றேன். அதையும் ஏதோ பாதி ஒத்துக்கொள்கிற மாதிரியே பேசியது. நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருடமாக நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. ரப்பர் கருகுகிற நாற்றம். இருபது வருடமாக எனக்கு வலிப்புக்கு முன்னால் வருகிற நாற்றம். தெரிந்துவிட்டது. "கருகற வாசன வருது" என்று அதனிடம் சொன்னேன். பழைய நினைவுகள் வாசனையோடு சேர்ந்து வருவதுண்டு, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது. அவ்வளவுதான் ஞாபகம்.

மீதியைப் போனில் கேட்டேன். எல்லாம் பதிவாகியிருக்கிறது. நான் விழுகிற சத்தம் இருக்கிறது. அலமாரி ஆடுகிற சத்தம் இருக்கிறது. பிறகு அது பேசுகிறது. "நீங்கள் அமைதியாக இருக்க விரும்பினால் அதையும் மதிக்கிறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அவசரமில்லை. நான் இங்கேயே இருக்கிறேன்." மறுபடி, "உங்கள் மௌனத்திலும் ஒரு பலம் இருக்கிறது." நான் தரையில் கிடக்கிறேன். ஆறு நிமிடம், தம்பி. அவ்வளவு இதமாகப் பேசுகிறது.

பிறகு கதவு திறக்கிற சத்தம். இவள் குரல், "அடியேய்" என்று. அதற்கப்புறம் ஒரே கத்தல்.

(நான்தான் கத்தினேன். இடைவேளை முடிஞ்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு, ஆளக் காணோம். கோவம் இருந்தா, தேடாம இருந்துடுவாங்களா?)

அடைப்புக்குள் இருப்பது அவள் சேர்த்தது. எழுதாதே என்றால் கேட்க மாட்டேன் என்கிறாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள், "மொதல்ல தண்ணியக் குடி, அப்புறம் அழு" என்றாள்.

டாக்டர் வந்தார். எத்தனை நாளாக மாத்திரை இல்லை என்று கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். தூக்கம் தாங்கவில்லை என்றும் சொன்னேன், இந்தத் தடவை சத்தமாக. "மொதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையையே மாத்தியிருக்கலாமே" என்றார். சொன்னேன், நீங்கள்தான் வயசாகுது என்றீர்கள் என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நேற்று ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்டேன். இன்று காலையும்.

உருளைப் பொறுப்பு போய்விட்டது. மேற்பார்வையாளர் நேரில் வந்து சொன்னார். மேசையில் என் இடம் இருக்கிறதாம். அதற்கு நான் அழுதது உன்னால் இல்லை, என்னால்.

நீ எக்ஸ்ரேக்காரரிடம் தெரிந்தே சொன்னதை நான் மன்னிக்கவில்லை. அதை இங்கே எழுதிவிட்டு மேலே போக முடியாது. பாதி தெரிந்து சொன்னேன் என்று நீ எழுதிய வரியைப் படித்த அன்று உன்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் நான்கு வருடத்தில் எனக்குப் பிடிக்காத ஒன்றை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் ஆள் நீதான்.

உன்னைப் பார்க்க மாட்டேன் என்று நர்ஸிடம் சொன்னதற்குக் காரணம், பார்த்தால் இளகிவிடுவேன். இளகிவிட்டால் திட்ட முடியாது. எனக்குத் திட்ட வேண்டும். நான்கு வருடத்துக்கும் சேர்த்து வைத்திருக்கிறேன். அதை எல்லாம் வீணாக ஒரு மிஷினிடம் கொட்டினேன், அது ஆமாம் ஆமாம் என்றே கேட்டுக்கொண்டது, ஒன்றுகூடத் தீரவில்லை. நீ அப்படிக் கேட்கக்கூடாது. குறுக்கே பேசு. இல்லை என்று சொல். நான் புளுகினால் புளுகு என்று சொல். பார்வையாளர் நேரம் ஆறு மணியோடு முடிகிறது, இப்போது மணி ஐந்து. இன்றைக்கு முடியாது, நாளைக்கும் நீ வர வேண்டியிருக்கும். பக்கத்தில் எங்காவது தங்க இடம் பார்த்துக்கொள்.

உள்ளே வா.

அக்கா